முதியோர் இல்ல அறைகளுக்கு யோசனை தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அறைகளைக் கவனிப்பது என் பொறுப்பு. மாரியில் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை ஈரம் பிடித்து வழுக்கும். அதனால் சுருளும் கால்மிதிகளை எடுத்துவிட்டோம்; மலசலகூடம் வரை இரவு விளக்கும் போட்டாயிற்று. ஒரு ஆச்சி கட்டிலடித் தகரப்பெட்டியை மட்டும் எடுக்க விடமாட்டா. சரி, அது இருக்கட்டும்.

இப்போது சிக்கல் மெத்தைதான். படுக்கையில் இருப்பவர்களை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிட்டாலும், ரெக்சின் உறையில் வியர்த்து முதுகு சிவக்கிறது. துணி விரித்தால் சிறுநீர் மணம் போவதில்லை. காற்றோட்டமுள்ள, கழுவக்கூடிய விரிப்பு இங்கே எங்கே வாங்கலாம்? பிளீச்சோடு அசிட் கலந்து கழுவச் சொல்லாதீர்கள், நச்சுவாயு வரும்.

அப்புறம், இரவில் எழும்பும் ஐயாமார் நுளம்பு வலையில் கால் தடக்குப்படுகிறார்கள். அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?