தண்ணீரில் கரையும் பாஸ்பேட் கண்ணாடி கதிரியக்கக் கழிவை எப்படிப் பிடித்து வைக்கும்?

கேள்வி:
கடின நீரை மென்னீராக்கப் பயன்படும் கிரஹாம் உப்பு, உண்மையில் ஒரு சோடியம் பாஸ்பேட் கண்ணாடிதான். தண்ணீரில் போட்டால் முழுவதும் கரைந்துவிடும். அப்படியிருக்க, ரஷ்யாவின் மயாக் ஆலையில் 1987 முதல் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவைப் பாஸ்பேட் கண்ணாடியில் உருக்கிச் சேர்க்கிறார்கள் என்று படித்துக் குழம்பிப்போனேன். நிலத்தடி நீரைப் பல்லாயிரம் ஆண்டுகள் தாங்க வேண்டிய பொருளுக்கு இதை எந்தத் துணிவில் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில் 1:
சாதாரணக் கண்ணாடியில் சிலிக்கானைச் சுற்றியுள்ள நான்கு ஆக்சிஜன்களும் அடுத்த அணுவுக்குப் பாலமாகலாம். பாஸ்பரஸிலோ ஒரு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் முடங்கிவிடுவதால், மூன்றுதான் மிஞ்சும். கிரஹாம் உப்பில் பாஸ்பரஸுக்கு ஒரு சோடியம் வீதம் இருப்பதால் பாலங்கள் இரண்டாகக் குறைந்து, வலைப்பின்னலுக்குப் பதிலாக நீண்ட சங்கிலிகளே உருவாகின்றன. அந்தச் சங்கிலியின் பாஸ்பரஸ்–ஆக்சிஜன்–பாஸ்பரஸ் பிணைப்பைத் தண்ணீர் வெட்டுவதால் கண்ணாடி கரைகிறது.

பதில் 2:
கடைசி வாக்கியத்தில் மட்டும் உடன்பாடில்லை. தண்ணீர் முதலில் சங்கிலிகளை வெட்டுவதில்லை. சோடியத்தின் பிடி தளர்வாக இருப்பதால் சங்கிலிகளை முழுசாகவே உருவிக்கொண்டு போகிறது, வெட்டுவது அதற்குப் பிறகு மெதுவாக நடக்கும். ஆகவே மாற்ற வேண்டியது சங்கிலிகளைப் பிணைக்கும் உலோகத்தைத்தான். மயாக்கில் அந்த வேலையை அலுமினியம் செய்கிறது. ஆய்வகங்களில் அதிகம் பேசப்படுவது இரும்பு: 100 மூலக்கூறுகளில் 40 இரும்பு ஆக்சைடு (Fe₂O₃), 60 பாஸ்பரஸ் பென்டாக்சைடு (P₂O₅) என்ற கலவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 பாஸ்பரஸுக்கு 420 ஆக்சிஜன், அதாவது ஒன்றுக்கு 3.5. இரண்டு நான்முகிகள் (ஒரு பாஸ்பரஸும் அதைச் சுற்றிய நான்கு ஆக்சிஜன்களும் சேர்ந்த அலகுகள்) ஒரே ஒரு ஆக்சிஜனைப் பகிர்ந்துகொள்ளும் பைரோபாஸ்பேட்டின் விகிதம் இதுதான். சங்கிலிகள் அற்றுப்போய், மற்ற ஆக்சிஜன்கள் பெரும்பாலும் இரும்பின் வழியாகவே அடுத்த பாஸ்பரஸைத் தொடுகின்றன; அந்த இணைப்பைத் தண்ணீரால் எளிதில் குலைக்க முடிவதில்லை.

கேட்டவர்:
புரிகிறது. ஆனால் கழிவைச் சேர்க்க வழக்கமாகப் பயன்படும் போரோசிலிகேட் (போரான் கலந்த சிலிக்கா) கண்ணாடி ஏற்கெனவே நன்றாக உழைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

பதில் 3:
எல்லாக் கழிவும் அதில் அடங்காது. கழிவிலுள்ள மாலிப்டினம் என்ற உலோகம் அளவு மீறினால், போரோசிலிகேட் உருகலில் மஞ்சள் நிறப் படலமாகப் பிரிந்து நிற்கும். கதிரியக்கச் சீசியத்தையும் இழுத்துக்கொள்ளும் அந்தப் படலம் தண்ணீரில் கரையக்கூடியது. சல்பேட்டும் இதே போலத் தொல்லை தரும். இவற்றைப் பாஸ்பேட் கண்ணாடி தாராளமாக ஏற்கிறது. இரும்பு பாஸ்பேட் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதும் வசதிதான். பாஸ்பேட் கண்ணாடிக்குத் தடையாக இருப்பது உலை என்பது என் கருத்து. இந்த உருகல் உலைச் சுவர்ச் செங்கற்களையும் மின்முனைகளையும் அரித்துத் தின்கிறது. மயாக்கில் ஒரு உலை ஓய்ந்தபின் மற்றொன்று என்று கட்ட வேண்டியிருந்தது. ஓய்ந்த உலையும் கதிரியக்கக் கழிவுதான்.