வில்லனைப் பார்த்தா பயமே வரேல்லயாம், என்ன செய்யலாம்? (வெப் சீரிஸ் ஸ்க்ரிப்ட்)

டச்பே_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க ட்ரிங்கோ (திருகோணமலை) பெடியள் அஞ்சு பேர் சேர்ந்து ஆறு எபிசோட்ல ஒரு க்ரைம் கதை எழுதிக்கொண்டிருக்கிறம், யூடியூப்ல போடுறதுக்குத்தான். கதை சுருக்கமா சொன்னா, திருக்கடலூர் பிள்ளை ஒண்டு கொழும்பில ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் போகுது, ரெண்டு மாசத்தில உப்புவெளிக் கடற்கரையில பிணமா ஒதுங்குது. அந்தப் போட்டியை நடத்துற ப்ரொடியூசர்தான் வில்லன். 20 வருசமா இதே வேலை செய்யிறவன், எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல.

பிரச்சினை என்னண்டா, வாசிச்சுப் பார்க்கச் சொல்லி மச்சாளிட்ட குடுத்தன், அவ சொல்லுறா "இவன் வில்லன் மாதிரித்தான் இருக்கான், ஆனா பயமா இல்ல, கறுப்புக் கண்ணாடியும் மோதிரமும்தான் தெரியுது" எண்டு. சுருட்டு வேற குடுத்திருக்கிறன் 😅 அதோட அவ கேட்ட இன்னொரு கேள்வி, 20 வருசம் ஒருத்தரும் சொல்லாம இருப்பாங்களா, நம்புற மாதிரியா இருக்கு? எனக்கும் பதில் தெரியேல்ல.

உவர்மலை அக்கா:
தம்பி முதல்ல அந்தச் சுருட்டைத் தூக்கி எறியுங்கோ. நான் கண்ட ஆள் சுருட்டு குடிக்கேல்ல, "தங்கச்சி சாப்பிட்டீங்களா" எண்டுதான் கேட்டவர், அதுவும் அம்மாவுக்கு முன்னால.

எனக்கு அப்ப 19 வயசு, அறிவிப்பாளர் ஒடிசன் எண்டு கூப்பிட்டாங்க, காலம ஒன்பது மணிக்கு வரச்சொன்னது. பெயர் சொல்ல மாட்டன். போய் இருந்தா இருந்தபடிதான், பத்தாச்சு, மத்தியானமாச்சு, பின்னேரமாச்சு, மற்றப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு அனுப்பியாச்சு, நானும் அம்மாவும் மட்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு பெடியன் வந்து "சேர் பிஸி, உங்களைத்தான் ஸ்பெஷலா பார்க்கணுமாம்" எண்டு சொல்லிட்டுப் போவான். ட்ரிங்கோ மெயில் ரெயிலுக்கு நேரம் போன பிறகுதான் கதவு திறந்தது. அப்ப அவர் கேட்ட முதல் கேள்வி "இனி எப்பிடிப் போவீங்க, ரூம் ஒண்டு போடச் சொல்லவா". அம்மா என்ட கையைப் பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம். ரெண்டு பேரும் கோட்டை ஸ்டேசன்ல விடியும்வரைக்கும் இருந்திட்டு வந்தம்.

அந்த ஆள் என்னைத் தொடவே இல்ல. எங்கட ரெயிலைத்தான் எடுத்தான். உங்கட வில்லனுக்கு இது போதும், கையில துவக்கு வேண்டாம். தூரத்து ஊர்ப் பிள்ளைக்குத் திரும்பிப் போற வழியை அடைச்சாச் சரி.

வாசகன்77:
அக்கா சொன்னது அப்பிடியே ஹார்வி வெயின்ஸ்டீன் எண்ட ஹொலிவூட் ப்ரொடியூசர்ட கதையில இருக்கு. ஹோட்டல் ரூம்ல மீட்டிங் எண்டு கூப்பிடுவானாம், ஆரம்பத்தில ஒரு பொம்பிளை அசிஸ்டன்டும் கூட இருக்கும், வாற பிள்ளை நம்பிக்கையா இருக்கும், கொஞ்சத்தில அசிஸ்டன்ட் எழும்பிப் போயிடும். வில்லன் எண்டா அந்த அசிஸ்டன்டையும் சேர்த்து எழுதணும், அவளும் சம்பளத்துக்கு வந்தவதான்.

20 வருசம் ஏன் சொல்லேல்ல எண்டதுக்குப் பதிலும் அங்கதான். ஸெல்டா பெர்கின்ஸ் எண்டு லண்டன்ல அவன்ட அசிஸ்டன்ட், 1998 ல கூட வேலை செய்த பிள்ளைக்கு நடந்ததைக் கேட்டு வேலையை விட்டுட்டு லோயரிட்ட போனவ. முடிவு என்ன? ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,50,000 பவுண், வாய் திறக்கக்கூடாது எண்டு ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட கடதாசியின்ட கொப்பியைக்கூட கையில வச்சிருக்க விடேல்ல. அவ அதை உடைச்சுக் கதைச்சது 2017 ல, 19 வருசம் கழிச்சு.

இன்னொண்டு, அவன் ஒருத்தரையும் மிரட்டத் தேவையில்ல, ஒரு டெலிபோன் கோல் போதும். பீட்டர் ஜாக்சன் எண்ட டைரக்டர் பிறகு சொன்னவர், மிரா சொர்வினோ, ஆஷ்லி ஜட் எண்ட நடிகைகள் ரெண்டு பேரோடயும் வேலை செய்யிறது பெரிய தலையிடி எண்டு வெயின்ஸ்டீன்ட கம்பனி தன்னட்டச் சொன்னதாலதான் அவங்களை எடுக்கேல்ல எண்டு. "அந்தப் பிள்ளை டைமுக்கு வராது, திமிர் பிடிச்சது", எங்கட ஆக்களும் இப்பிடித்தானே சொல்லுறது. இந்த ஒரு வசனத்தை வில்லன் சிரிச்சுக்கொண்டு சொல்லட்டும், மச்சாள் பயப்பிடுவா.

கடைசி எபிசோட்ல கோர்ட்ல தீர்ப்பு, சுபம் எண்டு முடிச்சிடாதீங்க. அவனுக்கே 2020 ல நியூயோர்க்ல 23 வருசம் விழுந்து, 2024 ல மேல்நீதிமன்றம் தீர்ப்பை ரத்துப் பண்ணி, 2025 ல மறுவிசாரணை வச்சு ஒரு குற்றச்சாட்டில மட்டும் திரும்பக் குற்றவாளி எண்டு வந்தது. சாட்சி சொன்ன பொம்பிளையள் திரும்பவும் ஏறி முதல்ல இருந்து சொல்லணும், யோசிச்சுப் பாருங்க.

டச்பே_பெடியன்:
கொப்பி குடுக்காத விசயம் தலைக்குள்ள சுத்துது அண்ணா. எங்கட கதையில அந்தப் பிள்ளைக்கு முதல் வருசம் போன ஒருத்தியிட்ட இப்பிடி ஒரு கடதாசி எழுதி வாங்கியிருந்தா?

கிண்ணியா நானா:
நல்லாத்தான் போகுது, ஆனா எனக்கு ஒரு விசயம் பிடிக்கல்ல. கெட்டவன் எல்லாம் கொழும்பிலயும் ஹொலிவூட்லயும்தான் இருக்கானா? நான் 15 வருசம் இசைக்குழுவோட கீபோர்ட் தூக்கிட்டுத் திரிஞ்சவன், ட்ரிங்கோ, மூதூர், மட்டக்களப்பு எல்லா மேடையும் கண்டவன். பாடகிப் பிள்ளைக்கு எத்தினை பாட்டு, யார் முதல்ல பாடுறது, திரும்பி வரும்போது வான்ல யார் எங்க குந்துறது, எல்லாத்தையும் ஒருத்தன்தான் முடிவெடுப்பான். சின்ன அதிகாரம்தான், ஆனா அந்தப் பிள்ளைக்கு அந்த ராத்திரி அவன்தான் ராசா. அவனைக் கொஞ்சம் பெருசாக்கிக் கொழும்புக்கு அனுப்புங்க, உங்க வில்லன் வந்துருவான்.

மனசில கிடக்கிறதையும் சொல்லிடுறன். வான் ஓடினவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணாடியில பார்த்திட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தம், கந்தளாய் வரைக்கும் ஒருத்தரும் கதைக்கல்ல. அடுத்த கிழமையும் சம்பளம் வேணுமே. 20 வருசம் ஏன் சொல்லல்ல எண்டு மச்சாள் கேட்டாக்கா இந்த வானைக் காட்டுங்க.

சட்டம் படிக்கிறவ:
யூடியூப்ல போட்ட முதல் எபிசோட் ஸ்க்ரிப்ட் வாசிப்புக் கேட்டன். பொலிஸ்காரர் "கையால தொட்டாத்தான் கேஸ், வாயால கேட்டதுக்கு நாட்டில சட்டம் இல்ல" எண்டு சொல்லுறார். பிழை. தண்டனைச் சட்டக்கோவை 345 ஆம் பிரிவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, வேலை இடத்திலயோ வேற எங்கயுமோ அதிகாரத்தில இருக்கிறவர் விருப்பமில்லாம சொல்லாலயோ செயலாலயோ பாலியல் ரீதியா அணுகினா அதுவும் குற்றம், அஞ்சு வருசம் வரைக்கும் சிறை போகலாம். 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில பாலியல் லஞ்சமும் வருது. பொலிஸ்காரர் தெரிஞ்சுகொண்டே பொய் சொல்லுறார் எண்டு எழுதினா ஓகே, அது இன்னும் பயம்.

கேரளாவில சினிமாவில வேலை செய்யிற பொம்பிளையள்ட நிலைமையை விசாரிச்ச ஹேமா கமிட்டி அறிக்கையும் தேடி வாசியுங்கோ. 2019 டிசம்பர்ல குடுத்த அறிக்கை வெளிய வந்தது 2024 ஓகஸ்ட்ல, அதுவும் பக்கங்களை வெட்டித்தான். அதில என்னை உலுக்கினது பெரிய நடிகர் கதை இல்ல, ஷூட்டிங் இடத்தில டொய்லட் இல்லாததால பொம்பிளையள் நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருந்தது. ஆரோ நீட்டின தண்ணிப் போத்தலை அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு தள்ளுற ஒரு சீன் வையுங்கோ, வசனம் தேவையில்ல.

(இதை வாசிக்கிற ஆருக்கும் உண்மையா உதவி தேவைப்பட்டா 1938 க்கு எடுங்கோ, இலங்கையில பெண்களுக்கான உதவி இலக்கம்.)

டச்பே_பெடியன்:
ராத்திரி முழுக்க இருந்து மாத்தினன். கண்ணாடி, மோதிரம், சுருட்டு எல்லாம் அவுட். இப்ப முதல் சீன்ல வில்லன் முகமே இல்ல, கீழ வான்ல ட்ரைவர் இருக்கிறான், மணிக்கூட்டைப் பார்க்கிறான், தூரத்தில மெயில் ஊதிட்டுப் போற சத்தம், மேல மாடியில ஒரு லைட் மட்டும் எரியுது. அம்மாவும் பிள்ளையும் வரவேற்பறையில. அக்கா உங்கட கதையை எடுத்ததுக்கு மன்னிக்கணும், வேண்டாமெண்டா சொல்லுங்கோ, தூக்கிடுறன்.

உவர்மலை அக்கா:
எடுங்கோ தம்பி. அம்மாட கையில ஒரு சாப்பாட்டுப் பார்சல் இருந்தது, கடைசிவரை பிரிக்கேல்ல. அதையும் போடுங்கோ.

டச்பே_பெடியன்:
போட்டாச்சு அக்கா. நானா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆரிட்டயாவது பழைய ஹயஸ் வான் ஒண்டு ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா? டீசல் எங்கட செலவு.

கிண்ணியா நானா:
வான் இருக்கு. கண்ணாடி கொஞ்சம் வெடிச்சிருக்கு, பரவாயில்லயா?