கலாத்தியர் நிருபத்துக்கு எளிய பாடம் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பிரசங்கியார் வருகிறார். தோடு கூடாது, சனிக்கிழமை ஓய்வு கட்டாயம், பன்றிக்கறி தொட்டால் இரட்சிப்பே போச்சு என்கிறார். பர்மிய பௌத்தர்களின் தடிஞ்சுட் விளக்குத் திருநாளுக்குப் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர்கள் கொடுத்த பலகாரத்தை ஒரு அக்கா வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். வருஷக்கணக்கான பழக்கம், இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

தோடு போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதை வைத்துத்தான் இரட்சிப்பு என்றால், விருத்தசேதனமும் நியாயப்பிரமாணமும் வேண்டும் என்று போன கலாத்தியரிடம் பவுல் எதற்காக அவ்வளவு கோபப்பட்டார்? சாப்பாடு, பண்டிகை, ஓய்வுநாள் விஷயத்தில் யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்கிற கொலோசெயர் 2:16 காட்டினேன், மழுப்பிவிட்டார். அப்போஸ்தலர் 15ஐ எடுத்தால், யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்ற முடிவை விட்டுவிட்டு 29ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்: “விக்கிரகத்துக்குப் படைத்தது ஆகாது.” சரி, அதை, கடையில் விற்பதையும் அவிசுவாசி அழைத்து வைப்பதையும் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிற 1 கொரிந்தியர் 10:25-27 உடன் எப்படிச் சேர்த்து வாசிப்பது? இங்கேதான் எனக்கு விளக்கம் வேண்டும்.

கலாத்தியர் பாடம் ஆடியோவாக இருந்தால் நல்லது. எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். கையில் இருப்பது ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய பைபிள்தான். கரண்டும் அடிக்கடி போகிறது, அதனால் சின்னச் சின்ன ஃபைல்களாக அனுப்புங்கள்.

அப்புறம், கூட்டம் உடையாமல் இதைச் சமாளித்தவர்கள் இருந்தால், முதலில் யாரிடம் பேசினீர்கள்? பிரசங்கியாரிடமா, அந்த அக்கா மாதிரி ஆட்களிடமா?