முதல் பிரசவம் சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

பீனிக்ஸ் மருமகள்:
டர்பன் பக்கம் இருக்கும் அக்காமார்களிடம் ஒரு கேள்வி. எனக்கு 32 வாரம். மூத்தவனுக்கு மூன்று வயது. கடைசிவரை தலை திரும்பாததால் அவன் சிசேரியன். இந்தக் குழந்தைக்குத் தலை கீழேதான் இருக்கிறது. சுகப்பிரசவம் முயன்று பார்க்கலாமா என்று தனியார் டாக்டரிடம் கேட்டால், பதிலுக்குக் காலண்டரைத்தான் எடுத்தார். 39ஆம் வாரத்தில் ஒரு தேதி. மாமியார் அதற்குள் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டோங்காட் பெரியம்மா:
கண்ணு, தேதி கொடுத்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு. என் தங்கை மகள் இப்படித்தான் முயன்றாள். விடிய விடிய வலி, விடிந்ததும் அவசர ஆபரேஷன். பிள்ளை பிழைத்தது, இவள் எழுந்து நடக்க மாசம் ஆனது. வலியும் பட்டு வெட்டும் பட்டாள். பழைய தையல் பிரிந்தால் யார் பொறுப்பு?

கணக்குப்பிள்ளை:
பெரியம்மா, பிரியவே பிரியாது என்று யாரும் சொல்லவில்லை. கர்ப்பப்பையைக் கீழே குறுக்காக வெட்டிய ஒரு சிசேரியனுக்குப் பிறகு தானாக வலி எடுத்து முயல்பவர்களில், தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. முயல்பவர்களில் நான்கில் மூன்று பேர் வரை சுகமாகவே பெறுகிறார்கள். நம் தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவமனைகளில் பத்தில் ஏழு பிரசவத்துக்கு மேல் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அதில் பாதிகூட இல்லை. பீனிக்ஸ் பெண்ணின் இடுப்பும் சாட்ஸ்வொர்த் பெண்ணின் இடுப்பும் மெடிக்கல் எயிட் (மருத்துவக் காப்பீடு) கார்டைப் பார்த்தா மாறுகிறது?

டோங்காட் பெரியம்மா:
அந்த 200இல் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால், தம்பி, உங்கள் கணக்கை எங்கே வைப்பது?

இரவுப்பணி சிஸ்டர்:
நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு மிட்வைஃப். பெரியம்மா கேட்பது நியாயமான கேள்வி. முயன்று பாதியில் அவசர ஆபரேஷனுக்குப் போவது, தேதி வைத்துச் செய்வதைவிட மோசம்தான். ரத்தப்போக்கும் அதிகம், தொற்றும் அதிகம். அதனால் யாருக்கு நன்றாக அமையும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

தங்கச்சி, உன் முதல் சிசேரியன் தலை திரும்பாததால் நடந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை, இது நல்ல அறிகுறி. இடைவெளியும் போதும். ஆனால் தோலில் தெரியும் தழும்பை நம்பாதே. வெளியே குறுக்காக இருந்தாலும் கர்ப்பப்பையை உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். அப்படி என்றால் முயலவே கூடாது. பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கு. 'ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்று 1916இல் அமெரிக்க மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது அந்த நெடுக்கு வெட்டுக் காலத்தில்தான்.

எங்கள் வார்டில் இப்படி வருபவர்களுக்குக் கையில் ஊசிக்குழாய் முதலிலேயே போட்டுவிடுவோம், ரத்தம் குரூப் பார்த்து வைப்போம், வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் தாளில் பதிந்து பார்ப்போம். தழும்பு கிழியும்போது பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் தாள்தான், துடிப்பு சரியும். வலிகளுக்கு நடுவேயும் தழும்புப் பக்கம் நோவு நிற்காமல் இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். வலி வரவில்லை என்று மருந்து வைத்து வரவழைத்தால் ஆபத்து கூடும், சில மருந்துகளைத் தொடவே கூடாது.

ஊரான் வீட்டுப் பிள்ளை:
சிஸ்டர், வீட்டிலேயே மிட்வைஃபை வைத்துப் பார்த்தால்? மனைவிக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம்.

இரவுப்பணி சிஸ்டர்:
முதல் சிசேரியனுக்குப் பிறகா? வேண்டாம். மிட்வைஃப்கள் மட்டும் நடத்தும் கிளினிக்கில்கூட இவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம், மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம்.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று, எத்தனை குழந்தை வேண்டும் என்பதையும் யாரும் கேட்பதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடந்து, பழைய தழும்பில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்வது பெரிய தொல்லை. அப்படி மூடிக் கிடப்பவர்களில் இந்த வேர்ப்பிடிப்பு இரண்டாவது சிசேரியனின்போது 100க்கு 11 பேருக்கும், மூன்றாவதின்போது 40 பேருக்கும் இருந்ததாக ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கர்ப்பப்பையையே எடுக்க நேரும்.

டோங்காட் பெரியம்மா:
இரண்டோடு நிறுத்துகிறவளுக்கு அந்தப் பேச்சு எதற்கு? நம் தனியார் டாக்டர் தனியாளாக ஓடுகிறார். கிளினிக்கில் நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு இரவு பகலாக இவள் பக்கத்தில் நிற்பாரா? மனசில்லாத டாக்டரிடம் முயல்வதைவிட தேதி வைப்பது மேல்.

இரவுப்பணி சிஸ்டர்:
அதில் பெரியம்மா பக்கம்தான் நான். மனசு இல்லாதவரைக் கெஞ்சி நிற்க வைக்காதே. 32 வாரத்திலும் டாக்டரை மாற்றலாம். மெடிக்கல் எயிட் இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனை 1994 முதல் இலவசம். எயிட் இருந்தாலும் வரலாம், கட்டணம் மட்டும் கேட்டுக்கொள்.

பீனிக்ஸ் மருமகள்:
பழைய குறிப்புக்கு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறொரு டாக்டரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன். இரவில் வலி வந்தால் யார் வருவார், தியேட்டர் எவ்வளவு நேரத்தில் தயாராகும் என்று அவரிடம் கேட்கப் போகிறேன்.

டோங்காட் பெரியம்மா:
கேள். மாமியார் பார்த்த நட்சத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிடாதே, தேவைப்படலாம்.