டிக் ஃபீவர் முடிந்த லேப்ரடார்: ஒபீடியன்ஸ், அஜிலிட்டி பயிற்சியை எப்போது மறுபடி தொடங்கலாம்?

தாம்பரம்_லேப்

பெண் லேப்ரடார், இரண்டரை வயது, 27 கிலோ, தோள் உயரம் 55 செ.மீ. ஈர்லிக்கியா (உண்ணி கடித்து வரும் டிக் ஃபீவர்) வந்து டாக்ஸிசைக்ளின் 28 நாள் கோர்ஸ் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நோயின்போது பிளேட்லெட் 38,000 வரை இறங்கியது. இப்போதைய ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 1.7 லட்சம், ஹீமோகுளோபின் 10.8, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 33. கிட் டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ். பசி, விளையாட்டு எல்லாம் பழையபடி. ஸ்டீராய்டு எதுவும் கொடுக்கவில்லை.

மே மாதம் ஊட்டியில் ஒபீடியன்ஸ் (கட்டளைக்குக் கீழ்ப்படியும்) போட்டியில் இறக்க நினைக்கிறேன், இன்னும் 9 வாரம் இருக்கிறது. கிளப்பில் அஜிலிட்டி (தடைகளைத் தாண்டி ஓடும்) கோர்ஸும் உண்டு. பயிற்சி மாலை 5 மணிக்கு, திறந்த மைதானம்.

கேள்விகள்: கிட் பாசிட்டிவ் என்பதால் இன்னொரு கோர்ஸ் மருந்து தேவையா? ஹர்டில் எப்போது தாண்டவிடலாம்? பப்பாளி இலைச் சாறு, இரும்புச் சத்து டானிக் தொடரலாமா? மறுபடி உண்ணி ஏறாமல் இருக்க என்ன வழி? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

நாமக்கல்_வெட்

கிட் டெஸ்ட்டை ஓரமாக வையுங்கள். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுகிறது. நோய் முழுசாகப் போன பிறகும் பல மாதம், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட அது பாசிட்டிவாகவே காட்டும். அதைப் பார்த்து மாத்திரையை நீட்டிக்கொண்டே போவது தேவையில்லாத வேலை. கிருமி மிச்சம் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். செய்யுங்கள். சென்னையில் இருப்பதால் வேப்பேரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சியை முடிவு செய்யவேண்டியது ரத்தம். பிளேட்லெட் சீக்கிரம் ஏறிவிடும், மருந்து ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே ஏற்றம் தெரியும். சிவப்பணு அப்படி ஏறாது. ஈர்லிக்கியா எலும்பு மஜ்ஜையையே மந்தமாக்கிவிடுவதால் பி.சி.வி. மெல்லத்தான் எழும். நாய்க்கு சாதாரணமாக ஹீமோகுளோபின் 12 முதல் 18, பி.சி.வி. 37 முதல் 55. உங்கள் நாய் 33-ல் இருக்கிறது. வீட்டுக்குள் துள்ள அது போதும். ஆனால் ஓடும்போது தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைவு, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும். லேப் இனம் பந்தைப் பார்த்தால் சோர்வைக் காட்டாது. 'நல்லாத்தானே ஓடுது' என்பதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சி.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) எடுங்கள். கூடவே ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில்) பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைவாக எண்ணிவிடும். அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் என்ற இன்னொரு கிருமியும் உண்டு. அதில் பிளேட்லெட் ஒன்றிரண்டு வார இடைவெளியில் இறங்கி இறங்கி ஏறும், அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பிவிட முடியாது. ஒருமுறை சிறுநீரில் புரதம் பாருங்கள், இந்த நோய் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டுப் போகக்கூடும். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே அழற்சி மிஞ்சியிருந்தால் தூரத்தைக் கணிப்பதில் பிசகு வரும். பிறகு ஹர்டில் பாரைத் தட்டும்போது நாம் பயிற்சியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே இருக்கும்வரை டக் (கயிறு இழுக்கும்) விளையாட்டு, வாயில் கவ்வும் மர டம்பெல், கழுத்தை இறுக்கும் சோக் செயின் மூன்றும் கூடாது. ஈறில் ரத்தம் கசியும், கழுத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் பட்டைக் காலரே போதும்.

பப்பாளி இலைச் சாற்றால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பிளேட்லெட்டை ஏற்றியது டாக்ஸிசைக்ளின்தான். இந்தச் சோகை பெரும்பாலும் இரும்புக் குறைவால் வருவதல்ல, எனவே டானிக் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதில் பலன் கொஞ்சம். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கிடைத்தால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து வாரம் இருமுறை 50 கிராம் போல் கொடுங்கள். ஈரலை அளவோடு வையுங்கள், தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகையாகும். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். ஏறவேண்டிய ரத்தத்தை ஒரு பக்கம் இறக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொன்று: பயிற்சிக்குப் பிறகு நொண்டினால் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் நாய்க்கு விஷம் மாதிரி. மெலாக்ஸிகாம்கூட பிளேட்லெட் குறைந்த நாய்க்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது. இந்த நோய் மூட்டிலும் அழற்சியை விட்டுவைக்கும். இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று நொண்டல் மாறினால் அது சுளுக்கு அல்ல, நேராகக் கொண்டு வாருங்கள்.

கோவை_ஹேண்ட்லர்

டாக்டர் ரத்தத்தைச் சொல்லிட்டாருங்க, நான் தசையைச் சொல்றேன். ஒரு மாசத்துக்கு மேல படுத்திருந்த நாய்க்குப் பின்தொடையும் இடுப்பும் தளர்ந்திருக்கும். டேப் எடுத்து இரண்டு பின்தொடையையும் ஒரே இடத்தில் சுற்றி அளந்து எழுதி வையுங்க. இரண்டுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும்.

முதல் இரண்டு வாரம் லீஷில் நடை மட்டும். காலை 15 நிமிஷத்தில் ஆரம்பிச்சு 30 வரைக்கும் போங்க. ஒபீடியன்ஸ் வேலையில ஹீல் (பக்கத்துல ஒட்டி நடக்கிறது), சிட், டவுன், ஸ்டே எல்லாம் இப்பவே செய்யலாம், ஒரு தடவைக்கு 5 நிமிஷம். டவுன் சொல்லும்போது சிமெண்ட் தரை, மொசைக் வேண்டாம், ரப்பர் பாய் விரிங்க. சிட்டிலிருந்து ஸ்டாண்ட், ஸ்டாண்டிலிருந்து சிட் மெதுவா 8 தடவை பண்ணினா அதுவே பின்தொடைக்குப் பயிற்சி. பின்னங்கால் வெளியே விரியாம, இரண்டும் உடம்புக்குக் கீழே வர்ற மாதிரி உட்காரணும். சுவரோரமா நிறுத்திப் பண்ணினா நேரா வரும்.

பி.சி.வி. 37 தொட்டதும் அடுத்த கட்டம். தரையில ஆறு பி.வி.சி. பைப் போடுங்க. இடைவெளி நாயோட தோள் உயரம், உங்களுக்கு 55 செ.மீ. உயரம் முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல போகக்கூடாது. நடை, அப்புறம் ட்ராட் (மெதுவான ஓட்டம்). பைப்பைத் தட்டினா வேகம் அதிகம்னு அர்த்தம். இது இரண்டு வாரம்.

அதுக்கப்புறம்தான் ஹர்டில். முழங்கை உயரம், அதாவது 25லிருந்து 30 செ.மீ. ஒரு செஷனுக்கு 15 தாண்டல், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. நேர்க்கோட்டுல மட்டும், திருப்பம் வேண்டாம். பார் தட்டினதும் கீழே விழுற மாதிரி இருக்கணும், கட்டி வைக்காதீங்க. எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய் சங்கக் கூட்டமைப்பு) விதிப்படி 48 செ.மீ.க்கு மேல இருக்கிற நாய் லார்ஜ் பிரிவு, பார் 55 முதல் 60 செ.மீ. அந்த உயரத்துக்கு இந்த 9 வாரத்துல போகவே வேண்டாம். டனல் நேரா போட்டு விடலாம். ஏ ஃப்ரேம் (ஏறி இறங்குற கூரை மாதிரி பலகை) 1.7 மீட்டர், இறங்கும்போது முழு எடையும் தோளிலயும் மணிக்கட்டிலயும் விழும், அதனால கடைசிக்குத் தள்ளுங்க. வீவ் போல் (வரிசையா நட்ட கம்பு) பன்னிரண்டையும் வளைஞ்சு ஓடும்போது இடுப்போட உள்தசை இழுபடும், அதுவும் கடைசி. எல்லாரும் வீவ் போலைத்தான் முதல்ல ஓட்டிப் பார்ப்பாங்க, வேடிக்கையா இருக்கும்னு. நாய் திரும்பி நொண்டி வர்றது பெரும்பாலும் அங்கதான்.

27 கிலோன்னு சொல்றீங்க. நோயில இளைச்சு 27-ஆ, முன்னாடியே 27-ஆ? கையை வெச்சா விலா தட்டுப்படணும், மேலேருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். தசை வர்றதுக்கு முன்னாடி சோறு போட்டு எடை ஏத்திடாதீங்க.

பெசன்ட்நகர்_வாக்கர்

இவ்வளவு கட்டம் கட்டமாகப் போக வேண்டுமா? என் கருத்தில் நாய் கேட்கிற அளவுக்கு ஓடவிட்டு, சோர்ந்தால் நிறுத்தினால் போதும்.

நாமக்கல்_வெட்

லேப்ரடாரில் அந்த யோசனை வேண்டாம். இந்த இனத்தில் ஓட்டத்தால் சரிந்துவிழும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு, இ.ஐ.சி. என்பார்கள். டி.என்.எம்.1 என்ற மரபணுவில் மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் பாதிப்பு தெரியும். உற்சாகமாகப் பந்து துரத்தி 5 முதல் 20 நிமிடத்துக்குள் பின்னங்கால் தள்ளாடும். நினைவு தவறாது, வால்கூட ஆட்டும், அந்த நிலையிலும் பந்தை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல் ஏறலாம், சில நாய்கள் இறந்தும் போகின்றன. 'சோர்ந்தால் நிறுத்தலாம்' என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். டி.என்.ஏ. டெஸ்ட் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். கேள்வி கேட்டவர் இந்த வாய்ப்பில் அதையும் எடுத்துவிடலாம். மறுபடி தள்ளாட்டம் வந்தால் டிக் ஃபீவரா, இதுவா என்று திணற வேண்டியிருக்காது.

கோவை_ஹேண்ட்லர்

மாலை 5 மணிப் பயிற்சியைத்தான் நான் முதல்ல மாத்தச் சொல்வேன். ஏப்ரல்ல சென்னையில 5 மணிக்குத் தரை இன்னும் கொதிக்குது, காத்துல ஈரமும் ஜாஸ்தி. நாய் மூச்சிரைச்சுத்தான் சூட்டைக் கழிக்குது. காத்து ஈரமா இருந்தா அந்த வழி பாதி அடைஞ்ச மாதிரி. காலை 5.30 முதல் 6.30, அதுக்குள்ள முடிச்சிடுங்க.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு பையில வையுங்க. ஓய்வில 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஓடினதும் 40 தொடும், பத்து பதினைந்து நிமிஷத்துல இறங்க ஆரம்பிக்கணும். 40.5 தாண்டினா அன்னைக்குப் பயிற்சி முடிஞ்சது. 41-க்கு மேல, இல்ல தள்ளாட்டம், செங்கல் நிற ஈறு, வாந்தி இருந்தா அங்கேயே தண்ணியை ஊத்தி நனைச்சு, விசிறி காட்டி, அப்புறம்தான் வண்டியில ஏத்தணும். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீங்க, துண்டே சூடாகி உள்ள சூட்டை அடைச்சிடும். நாக்கு அகலமா, நுனி கரண்டி மாதிரி விரிஞ்சு தொங்கினா அது முதல் எச்சரிக்கை.

உண்ணிக்காரன்

உண்ணி விஷயத்துக்கு யாரும் வரவில்லை. இது பழுப்பு நாய் உண்ணி, காட்டில் மட்டும் இருப்பதல்ல, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, சோபா மடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் மேல் நாம் காண்பது மிகச் சிறு பகுதி. அதனால் நாய்க்கு மருந்து, இடத்துக்கு மருந்து, இரண்டும் ஒரே வாரத்தில்.

நாய்க்கு நெக்ஸ்கார்டு என்ற உண்ணி மாத்திரை மாதம் ஒருமுறை. பிராவெக்டோ மாத்திரையின் பெட்டியில் 12 வாரம் என்று இருந்தாலும் இந்த வகை உண்ணிக்கு 8 வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் மாத்திரை, உண்ணி கடித்த பிறகுதான் கொல்லும். ஈர்லிக்கியாவோ உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே பரவக்கூடியது. அதனால் கடிக்கும் முன்பே விரட்டும் காலரும் சேர்த்துப் போடுவது போட்டி நாய்க்கு நல்லது. பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் கலந்தது எதுவும் கூடாது, நாயை நக்கினாலே பூனைக்கு ஆபத்து. ஃப்ளூமெத்ரின் - இமிடாக்ளோப்ரிட் காலர் பூனைக்கும் தனியாக வருகிறது, அந்த வகையைக் கேளுங்கள்.

அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்துக் கழுவல் போட்டிக்கு முந்தைய வாரம் வேண்டாம். நாய் மந்தமாகும், இதயத் துடிப்பு குறையும், பூனைக்கும் ஆகாது. சுவர் விரிசலைச் சிமெண்ட் பூசி அடையுங்கள், கென்னலுக்கு வெள்ளையடியுங்கள். மருந்து தெளித்தால் முழுசாகக் காய்ந்த பிறகே நாய், பூனை இரண்டையும் உள்ளே விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும், முட்டைகளுக்கு முதல் தெளிப்பு ஏறாது.

கிளப் மைதானத்தில் நாய்களைக் கட்டிப்போடும் மதில் ஓரத்தைப் பாருங்கள். எல்லா நாயும் காத்திருக்கும் இடம் அது. கூண்டை மைதானத்தின் நடுப்பக்கம், வெறும் தரையில் வையுங்கள். வீடு திரும்பியதும் காது உள்மடல், விரலிடுக்கு, வால் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழ் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பிடித்ததை நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

தாம்பரம்_லேப்

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணா, 27 கிலோ இளைத்த பிறகு. முன்பு 30. ஊட்டிக்குப் போகலாமா, வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

நாமக்கல்_வெட்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, சோகை மிச்சமுள்ள நாய்க்கு அது இரட்டைச் சுமை. கிளம்ப 10 நாள் முன் சி.பி.சி. எடுங்கள். பி.சி.வி. 38-க்கு மேல், பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல், தொடர்ந்து இரண்டு ரிப்போர்ட்டிலும் அப்படி இருந்தால் ஒபீடியன்ஸ் மட்டும் போகலாம். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் பயணத்தை ரத்து செய்யுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். நாள் நெருங்கியிருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். போட்டி வாரத்தில் ஊசி வேண்டாம்.

கோவை_ஹேண்ட்லர்

ஒரு நாள் முன்னாடியே மேலே போயிடுங்க. மலைப் பாதை வளைவுல வாந்தி எடுக்கும், ஏறுறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்துங்க. தண்ணி வீட்டிலிருந்தே கொண்டு போங்க, பொதுக் கிண்ணத்துல குடிக்க விடாதீங்க. காலையில ரிங்குக்குள்ள (போட்டிக் களத்துக்குள்ள) போறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் நடை, ட்ராட், இரண்டு பக்கமும் வட்டம். அங்க குளிருக்குத் தசை விறைச்சு இருக்கும். எடை 30-க்கு அவசரப்பட வேண்டாம், 28 - 28.5-ல போட்டியில இறக்கினா மூட்டுக்கு நல்லது. அஜிலிட்டியை ஆகஸ்ட்டுக்கு அப்புறம் பேசலாம், அப்ப மறுபடி தொடையை அளந்து எழுதுங்க.