'கொள்முதல்' இல்லை, 'கொள்முதல்' என்பதைச் சொல்கிறீர்களா?

கணக்குப்பூனை:
சிறு கடைகளின் கணக்குக் கோப்புகளைப் படிக்க ஒரு பைத்தான் லைப்ரரி எழுதி வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஒரு பதினைந்து பேர் பயன்படுத்துகிறோம். முன்பெல்லாம் கேட்ட தலைப்பு கோப்பில் இல்லாவிட்டால் வெறும் கீஎரர் (கேட்ட சாவி இல்லை என்ற பைத்தான் பிழை) வரும், அவ்வளவுதான். "என்னதான் இருக்கிறது என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா" என்று ஒருவர் திட்டினார். பைத்தான் 3.10 முதல், மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் 'இதுவா' என்று கேட்கிறதே, அதேபோல, ஒத்த சொற்களைத் தேடித் தரும் டிஃப்லிப்பை வைத்து நானும் கேட்க வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். மேலே இந்தப் பதிவுக்கு நான் பெயராக வைத்திருப்பதுதான் அதில் இருந்த செய்தி. கூடவே, "அதைத்தானே ஐயா கேட்டேன்" என்று ஒரு வரி.

ஒன்றரை மணி நேரம் போனது. அவர் அடித்த 'கொ'வில் ஒகரம் ஒரே குறி. கோப்பிலோ கொம்பு தனி, கால் தனி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியில் போட்டு எடுத்த கோப்பாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு ஒன்றின் நீளம் 9, மற்றதன் நீளம் 10.

இதைப் பிழைச்செய்தியில் எப்படிச் சொல்வது? அப்புறம் இன்னொரு தொல்லை: செய்தியை இரண்டு வரியாக உடைத்தால், புது வரிக்குப் பதில் சாய்கோடும் என்-னும் அப்படியே அச்சாகின்றன.

அரைப்புள்ளி:
இரண்டாவது தொல்லை எளிது. கீஎரருக்கு ஒரே மதிப்பைக் கொடுத்தால் அதை ரெப்ராகத்தான் (மேற்கோள் குறியோடு, நிரலில் எழுதுவது போன்ற வடிவில்) காட்டும். சாவி வெற்றுச் சரமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே செய்தது. கீஎரரிலிருந்து சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, அதில் அச்சாகும் வடிவைத் தரும் ஸ்டர் மெத்தடை மட்டும் மாற்றுங்கள். வேல்யூஎரர் என்ற வேறு பிழைவகைக்குத் தாவிவிடாதீர்கள். எக்செப்ட் போட்டுக் கீஎரரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பதினான்கு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள்.

தூங்காநகரான்:
ரெப்ரையே காட்டினால் தெரிந்துவிடாதா?

கணக்குப்பூனை:
பார்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ஜிய அகலக் குறி, வார்த்தையின் கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி எல்லாம் ரெப்ரில் மாட்டும். இது மாட்டாது. கொம்பும் காலும் முறையான தமிழ்க் குறிகள், அதனால் அப்படியே அச்சாகின்றன. தமிழ் எழுத்துகளைக் குறியெண்களாக மாற்றிக் காட்டும் அஸ்கி ஃபங்ஷன் வித்தியாசத்தைக் காட்டுகிறது, ஆனால் தமிழே மிஞ்சாது. கடைக்காரர் பையனுக்கு அதைக் காட்டி என்ன பயன்?

வெட்டிவேர்:
எதற்கு இவ்வளவு? படிக்கும்போதே எல்லாத் தலைப்புகளையும் என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். பிழையே வராது, செய்தியும் வேண்டாம்.

கணக்குப்பூனை:
அதைத்தான் முதலில் செய்யப் போனேன். வேறொருவர் கோப்பில் இரண்டு வகை 'கொள்முதல்' தலைப்புகளும் இருக்கின்றன! ஒன்று பழையது, இன்னொன்று பின்னால் யாரோ சேர்த்தது. சத்தமில்லாமல் மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கணக்கில் பிழை வருவதற்கு நிரலில் பிழை வருவது மேல்.

அரைப்புள்ளி:
அப்படியானால் கோப்பைத் தொடாதீர்கள். தலைப்பு கிடைக்காதபோது மட்டும் இரு பக்கத்தையும் என்எஃப்சிக்கு மாற்றி ஒப்பிடுங்கள். பொருந்தினால் தனிச்செய்தி, இல்லையென்றால் பழைய 'இதுவா'. தனிச்செய்தியில் யூனிகோடு பாடம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களே போதும்.

கணக்குப்பூனை:
செய்துவிட்டேன். இப்போது இப்படி வருகிறது:

"'கொள்முதல்' என்ற தலைப்பு கிடைக்கவில்லை. பார்வைக்கு இதேபோன்ற தலைப்பு ஒன்று கோப்பில் உள்ளது. அதில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியுள்ளன. கோப்பில் அந்தத் தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்."

ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரிடம் காட்டினேன். "கொம்பு, கால் எல்லாம் சரி. 23 தலைப்பில் எதை அழிப்பது?" என்று கேட்டார். எத்தனையாவது தலைப்பு என்பதையும் இப்போதுதான் சேர்த்தேன்.