விவாதம்: கிரேக்கப் பாணி இளையோர் சாகச நாவலில், மதுரைப் பெண் சாமி பெற்ற பிள்ளையாக இருக்கலாமா?

ஒத்தக்கடையான்:
கதைச் சுருக்கம் போடுகிறேன், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள். ஒத்தக்கடையில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண். வீட்டில் அம்மா மட்டும். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பின் அரிவாள் காணாமல் போகிறது. கருப்புதான் அவளுடைய அப்பா என்று அன்றைக்குத்தான் தெரியவருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் அரிவாளை மீட்க வேண்டும். வழியில் யானைமலை யானை, நாகமலைப் பாம்பு, பசுமலை மாயப்பசு மூன்றும் உயிர்த்தெழுந்து மறிக்கின்றன. கிரேக்கத் தெய்வங்களான ஜியூஸ், பொசைடானின் பிள்ளைகளை வைத்து வரும் ஆங்கில நாவல்களின் சட்டகம்தான் இது: பெற்றவர் தெய்வம், பொருள் திருட்டு, அதை மீட்க ஒரு கெடு. 35 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல், 12 முதல் 15 வயதுக்காரர்களுக்கு.

வடக்குமாசி:
திருட்டும் கெடுவும் இருக்கட்டும் தம்பி. 'பெற்றவர் தெய்வம்' என்பதை எடுத்துவிடுங்கள். ஜியூஸ் போன இடமெல்லாம் பிள்ளை பெற்றான் என்று எழுதினால் நம் பக்கத்தில் யாருக்கும் வலிக்காது. கருப்பு இன்றைக்கும் கிடா வெட்டி, பிள்ளைக்கு மொட்டை போட்டுப் பேர் வைக்கும் குலசாமி. அவர் ஒருத்தியை விட்டுவிட்டுப் போனவர் என்று மூன்றாம் அத்தியாயத்தில் வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை புத்தகத்தை அங்கேயே மூடிவிடும்.

இன்னொன்று, இங்கே வழக்கமே வேறு. தெய்வம் பிள்ளையாக வரும். மனிதர் செத்துத் தெய்வமாவார். தடாதகை, அதாவது நம் மீனாட்சி, வேள்வித்தீயில் மூன்று வயதுக் குழந்தையாக வந்தாள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த பிறகுதான் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தில் காவலுக்கு நின்றான். கிரேக்கர்களிடமும் வீரர் வழிபாடு இப்படித்தான் இருந்தது, கல்லறையில் பலி கொடுத்தார்கள். கி.மு. 475 வாக்கில் ஸ்கைரோஸ் தீவில் கிடைத்த எலும்பை ஏதென்ஸின் பழைய வீரன் தீசியஸின் எலும்பு என்று தளபதி சைமன் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தான். பெரிய உடம்பு, பக்கத்தில் வெண்கல ஈட்டிமுனை, ஒரு வாள் என்று புளூட்டார்க் சொல்கிறார். நமக்கு ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை நடுகல் இருக்கிறது. கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், விழுந்த தீயன் அந்தவனுக்கு நட்டது, தமிழி என்ற பழைய எழுத்தில் பேரே வெட்டியிருக்கிறது. மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்தவன். சாகசக் கதைக்கு அதைவிடப் பெரிய முதல் என்ன வேண்டும்?

ஒத்தக்கடையான்:
அண்ணே, சாமிக்கு மனிதப் பிள்ளை என்பது நமக்குப் புதிதில்லை. அர்ச்சுனன் இந்திரன் மகன். அவன் மதுரையை ஆண்ட அல்லியைக் கட்டினான், புலந்திரன் பிறந்தான் என்று அல்லி அரசாணி மாலை பாடுகிறது. கூத்தில் ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கதை. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸும் இதே பாணியில்தான் எழுதிவைத்தார்: ஹெராக்ளீஸுக்கு இந்தியாவில் பிறந்த மகள் பாண்டையா, அவளுக்குத் தெற்கே கடல் வரைக்குமான நாடு, 365 ஊர், நாளைக்கு ஓர் ஊர் திறை கொண்டுவர வேண்டும். கிரேக்கனே பாண்டிய நாட்டுக்கு ஒரு அரைத்தெய்வப் பெண்ணைக் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் கூச வேண்டும்?

கோச்சடை வாசகி:
அதே மரபில், அந்த மகளுக்கு ஏழு வயதானபோது ஹெராக்ளீஸே அவளை மணந்தான் என்றும் இருக்கிறது, கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் பதிந்திருக்கிறார். 13 வயதுப் பிள்ளை பாண்டையா என்று தேடினால் அதுதான் முதலில் வரும். 365 ஊர்த் திறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அருமையான சரக்கு. ஒரு நாள் திறை வராமல் நின்ற ஊர் எது என்று அதிலேயே ஒரு புதிர் கட்டலாம்.

அப்பா யார் என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் சுருக்கத்தில் விதியே இல்லை. கிரேக்கக் கதை நிற்பது கறாரான விதியில். பாதாள நதியான ஸ்டிக்ஸின் நீரை ஊற்றிப் பொய்ச்சத்தியம் செய்த தேவன் ஒரு வருடம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பான், அமுதம் கிடையாது. பிறகு 9 வருடம் சபைக்கும் விருந்துக்கும் வரக்கூடாது, பத்தாவது வருடம்தான் சேர்ப்பார்கள். இது பழைய கிரேக்கக் கவி ஹெஸியட் கணக்கு. ஹெராக்ளீஸுக்கு முதலில் விதித்தது 10 வேலை. பல தலைப் பாம்பான ஹைட்ராவின் கழுத்தைச் சுடக் கூட வந்த அயோலஸ் கொள்ளி பிடித்தான் என்று ஒன்றும், தொழுவம் கழுவக் கூலி பேசினான் என்று ஒன்றும் தள்ளுபடியாகி 12 ஆனது. உங்கள் பெண்ணுக்கு இரண்டு சிநேகிதர்கள் கைகொடுத்தால் கருப்பு அதை ஏற்பாரா, மாட்டாரா? ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் இருபதாம் அத்தியாயத்தில் எந்த ஆபத்தும் ஆபத்தாகத் தெரியாது. எழுத்தாளர் நினைத்தால் காப்பாற்றிவிடுவார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் ஊரில் விதிக்குப் பஞ்சமில்லை. கண்ணகி தீயை ஏவும்போதுகூடப் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி எல்லாரையும் விலக்கித்தான் ஏவினாள். ஆயுதத்துக்கு எல்லை போடுவது என்றால் அது.

கெடுவும் தப்பு தம்பி. மதுரைக்குக் கிளம்பும் அழகர் பதினெட்டாம்படியில் கருப்பிடம் விடைபெற்றுக்கொண்டுதான் மலையை விட்டு வருவார். திருக்கல்யாணத்தன்று சாயங்காலம் புறப்பாடு, மறுநாள் இங்கே தேர், அங்கே எதிர்சேவை, அதற்கடுத்த நாள் விடியலில்தான் ஆறு. கள்ளழகர் கொண்டையும் வளைதடியுமாகப் பல்லக்கு வாசலுக்கு வரும்போது அரிவாள் அங்கே இருக்க வேண்டும். ஆற்றில் இறங்கும்போது கிடைத்து என்ன பிரயோஜனம்? கெடுவை அந்தப் புறப்பாட்டுக்கு இழுங்கள்.

நாகமலை:
மூன்று மலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிளையாடலில் அந்த யானை, பாம்பு, பசு மூன்றையும் ஏவியவர்கள் சமணர்கள். அப்படியே எடுத்தால் சிறுவர் புத்தகத்தில் ஒரு மதத்தாரே வில்லன் ஆகிவிடுவார்கள். அதே யானைமலைப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் சமண முனிவர் அச்சணந்தியின் பெயரும் இருக்கின்றன. இந்தப் பக்கம் கீழக்குயில்குடியில் சமணர்மலை, அடிவாரத்தில் ஐயனார். உண்மையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வாழ்ந்திருக்கின்றன. யானையை ஏவப்பட்ட மிருகமாக மட்டும் பாருங்கள். பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவுக்கு ஹெஸியட்டில் சாபக் கதை கிடையாது. பிறகு வந்த ரோமக் கவி ஓவிட்டில்தான் அவள் கோயிலுக்குள் கெடுக்கப்பட்டு, அதற்கு அவளே தண்டனையும் வாங்கியவள். அந்த ஒரு மாற்றத்தால் இன்றைய பிள்ளைகள் மெடூசா பக்கம் நிற்கிறார்கள். கல்லாய்ப் போன யானைக்கும் சொல்ல ஒரு நியாயம் கொடுங்கள்.

அடுத்தது மறைப்பு. மேற்கத்திய நாவல்களில் தெய்வ உலகத்தை மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் மூட ஏதாவது மாயத்திரை வேண்டியிருக்கிறது, அங்கே யாரும் நம்புவதில்லை என்பதால். இங்கே நடுத்தெருவில் ஆயிரம் பேர் பார்க்கச் சாமி இறங்கும், குறி சொல்லும், திருநீறு போடும், பத்து நிமிடத்தில் அதே ஆள் டீ குடிப்பார். திரை போட்டால் ஊர் பொய்யாகிவிடும். சாமி வந்ததை எல்லாரும் பார்க்கட்டும், அது சொன்னதன் அர்த்தம் மட்டும் அந்தப் பெண்ணுக்கு விளங்கட்டும்.

ஒத்தக்கடையான்:
கெடுவை மாற்றிவிட்டேன் அக்கா, திரையையும் எடுத்துவிட்டேன். கருப்பை அப்பா ஆக்குவதையும் விடுகிறேன். ஆனால் வம்சத்தை விடமாட்டேன். அவள் புலந்திரன் வழி வந்தவள். "நான் யார்" என்ற கேள்வி இல்லாமல் இந்த வயதுக் கதை ஓடாது.

வடக்குமாசி:
அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது தம்பி. கிரேக்கக் கதையில் தெய்வ ரத்தம் என்றால் வாசகர் அது என்ன சக்தி கொடுக்கும் என்று கேட்பார். மதுரையில் 'இன்னார் வம்சம்' என்று எழுதிய அடுத்த வரியில் எந்த ஆட்கள் என்றுதான் கேட்பார்கள். ரத்தத்தால் உயர்ந்தவள் என்று ஒரு பிள்ளையைக் காட்டினால், அந்த ரத்தம் இல்லாத பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? எட்டாம் வகுப்பில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கே சண்டை வரும் காலம் இது.

ஒத்தக்கடையான்:
சாமியாடி பட்டமும் பல கோயில்களில் தகப்பன் வழிதானே இறங்குகிறது? அதையும் தள்ளச் சொல்வீர்களா? நாட்டார் தெய்வத்தை வைத்துக்கொண்டு வழியுரிமையை முழுக்க மறைத்தால் அதுவும் பொய்தானே அண்ணே.

வடக்குமாசி:
மறைக்க வேண்டாம், காட்டுங்கள். பட்டத்துக்கு உரிய வீட்டுப் பையன் ஒருவன் கதையில் இருக்கட்டும். அருள் அவன் மேல் இறங்கவில்லை. அந்த அவமானத்தோடு அவளோடு சேர்ந்து வரட்டும்.

கோச்சடை வாசகி:
இரண்டு பேருக்கும் ஒரு வழி சொல்கிறேன். கருப்புக்கும் அவளுக்கும் உறவு ரத்தம் இல்லை, சத்தியம். பதினெட்டாம்படி வாசலில் கதவுக்குத்தான் சந்தனம், மாலை எல்லாம். கடன் தகராறு, எல்லைத் தகராறு என்று ஊர்க்காரர்கள் கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் இடம் அது. முதல் அத்தியாயத்தில் அவள் அம்மாவைக் காப்பாற்ற அங்கே ஒரு பொய்ச்சத்தியம் செய்கிறாள். அன்று ராத்திரியே அரிவாள் காணாமல் போகிறது. காரணம் அவள் மட்டும் அறிவாள். இனி அவள் போவது மகள் என்ற உரிமையில் இல்லை, பட்ட கடனுக்கு.

ஒத்தக்கடையான்:
13 வயதுப் பிள்ளை செய்த பொய்ச்சத்தியத்துக்குக் கருப்பு என்ன தண்டனை கொடுப்பார்? ஸ்டிக்ஸ் போல 9 வருடம் ஒதுக்கிவைத்தால் கதை அங்கேயே முடிந்துபோகும்.

கோச்சடை வாசகி:
வாயைக் கட்டிவிடட்டும். புறப்பாடு வரைக்கும் அவள் சொல்லும் எதையும் யாரும் நம்பக்கூடாது, அம்மா உட்பட. நிஜத்தைச் சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும். 34 அத்தியாயம் அந்த நிலைமையில் அவள் உதவி கேட்டுத்தான் ஆக வேண்டும். யானை பேசுவதை அவள் சொல்லி யாரும் நம்பமாட்டார்கள். கூட வரும் பட்டத்து வீட்டுப் பையன் தன் காதால் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. சிநேகிதர் உதவி செல்லுமா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஒத்தக்கடையான்:
புலந்திரனை எடுத்துவிட்டு அந்த முதல் அத்தியாயத்தை எழுதிப் பார்க்கிறேன். 1,500 சொல்லில் அடங்காது, சத்தியக் காட்சிக்கு மட்டும் 2,000 போகும்.